காலிக் குளம் மிதக்குமா? வீட்டு நீச்சல் குளம்: கேள்வி-பதில்

கேள்வி: மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்து தேய்த்துக் கழுவலாம் என்றால் ஒப்பந்தக்காரர் கூடவே கூடாது என்கிறார். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கான்கிரீட்டுக்கு என்ன ஆகிவிடும்?

பதில்: மிதந்துவிடும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உள்ளளவு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். சுவரும் தளமும் 200 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். வெளியளவில் இது சுமார் 63 கன மீட்டர். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் 63 டன் விசை கீழிருந்து தள்ளும். கான்கிரீட்டின் எடையோ சுமார் 37 டன்தான். இன்னும் துல்லியமாகச் சொன்னால், தளத்தின் அடிமட்டத்திலிருந்து நீர் 1 மீட்டர் ஏறியதுமே இரண்டும் சமமாகிவிடும். அப்போது நீர் தரைமட்டத்துக்கு 70 செ.மீ. கீழேதான் இருக்கும், மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. குளம் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் 48 டன் நீர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னது சரி.

கட்டும்போதே செய்ய வேண்டியது: தளத்துக்கு அடியில் 150 மி.மீ. ஜல்லிப் படுகை, அதற்குள் துளையிட்ட குழாய், அதோடு இணைத்துக் குளத்தின் ஓரமாக மேலே வரும் 150 மி.மீ. விட்டமுள்ள செங்குத்துக் குழாய். காலி செய்யும் முன் டார்ச் அடித்து இதற்குள் பாருங்கள். நீர் தெரிந்தால் சிறிய நீர்மூழ்கி பம்பை இறக்கி வெளியேற்றிவிட்டு, அதை ஓடவிட்டபடியே வேலை பாருங்கள். மெயின் டிரெயின், அதாவது தளத்தில் நீரை உறிஞ்சும் வாய், அதன் குழிக்குள் பொருத்தும் அழுத்த வால்வும் உண்டு. வெளி அழுத்தம் மிஞ்சினால் நிலத்தடி நீரை உள்ளே விட்டுவிடும். ஆனால் மண் படிந்து அடைத்துக்கொள்வது அதன் வழக்கம், அதை மட்டும் நம்பாதீர்கள். தளத்தைச் சுவருக்கு வெளியே 300 மி.மீ. நீட்டி, அதன் மேல் மண்ணை ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம் கணக்கில் பற்றாக்குறை 26 டன். அந்த நீட்சி தருவது 14 டன் அளவுதான்.

கேள்வி: வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் குழி தோண்ட வேண்டும்?

பதில்: சுவரிலிருந்து அளக்காதீர்கள், அஸ்திவாரத்தின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அந்த விளிம்பின் அடியிலிருந்து 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு வரையுங்கள். குழி அந்தக் கோட்டை வெட்டக் கூடாது. அஸ்திவாரம் 1.2 மீட்டர் ஆழம், குழி 1.9 மீட்டர் என்றால் வித்தியாசம் 0.7 மீட்டர், இடைவெளியும் குறைந்தது அவ்வளவு வேண்டும். தளர்ந்த மணலிலும் ஈரக் களிமண்ணிலும் அதை இரட்டிப்பாக்குவது நல்லது. சென்ட்ரிங் வேலைக்குக் குளத்துச் சுவருக்கு வெளியே 0.6 மீட்டர் விட வேண்டும். அஸ்திவாரம் சுவரை விட்டு 0.45 மீட்டர் நீண்டிருந்தால், வீட்டுச் சுவருக்கும் குளத்துச் சுவருக்கும் நடுவே உறுதியான மண்ணில் 1.75 மீட்டரும் மணலில் 2.45 மீட்டரும் தேவை. அந்த இடம் இல்லையென்றால் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது அஸ்திவாரத்துக்கு அடித்தாங்கல் கொடுப்பதை வடிவமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பில் குவிக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.8 டன், குழியின் பக்கம் சரிய அதுவே போதும்.

கேள்வி: தண்ணீர் தினமும் குறைகிறது. கசிவா, ஆவியாவதா?

பதில்: ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படிக்கட்டின் மேல் வையுங்கள். வாளிக்கு உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் குறித்துவிட்டு 24 மணி நேரம் காத்திருங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் ஆவிதான். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. பம்ப் ஓடும்போது ஒரு நாள், நிறுத்திவிட்டு ஒரு நாள் என்று பாருங்கள்; ஓடும்போது மட்டும் அதிகம் என்றால் நீர் திரும்பி வரும் குழாயில் கோளாறு. நிறுத்திய பிறகு நீர் ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் பெட்டி) வாயிலோ விளக்கின் மட்டத்திலோ வந்து நின்றுவிட்டால், அங்கேதான் தேட வேண்டும். விளக்கு ஒயர் வரும் குழாய் வழியாகக் கசிவது மிகச் சாதாரணம்.

கட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு: பூச்சுக்கும் வெளியே மண் நிரப்புவதற்கும் முன்பே 7 நாள் நீர் நிரப்பிப் பாருங்கள். ஈரம் எங்கே பூக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். பெரும்பாலும் தளமும் சுவரும் சேரும் இணைப்பில் தெரியும்; அங்கே நீரைத் தடுக்கும் வாட்டர்ஸ்டாப் பட்டை வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக இறங்காமல் கான்கிரீட் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகியிருக்கும். இந்தச் சோதனையில் நீர் சுவரை வெளியே தள்ளும், தடுக்க மண் இருக்காது. பிறகு காலி செய்யும் நாளில் மண் உள்ளே தள்ளும். ஆகவே கம்பி சுவரின் இரு முகங்களிலும் வர வேண்டும். ஒற்றை வரிசைக் கம்பியோடு வரைபடம் வந்தால் காரணம் கேளுங்கள். கான்கிரீட் எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல், நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டாமல் இருக்கட்டும்.

கேள்வி: பெரிய பம்ப் போட்டால் நீர் சீக்கிரம் தெளியும்தானே?

பதில்: தெளியாது. மணல் ஃபில்டரில் வேகம் கூடினால் அழுக்கு மணலைத் தாண்டிக் குளத்துக்கே திரும்பிவிடும். 48 கன மீட்டர் நீரை 6 மணி நேரத்தில் ஒரு சுற்று விட மணிக்கு 8 கன மீட்டர் போதும். அதற்கு 600 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டரும் 63 மி.மீ. குழாயும் சரியாக இருக்கும்.

பம்பின் அளவை விட உறிஞ்சும் வாய் முக்கியம். ஒரே ஒரு மெயின் டிரெயின் வைத்தால், அதன் மேல் குழந்தையின் உடலோ தலைமுடியோ ஒட்டிக்கொண்டால் விடுபட முடியாது. இரண்டு வாய்களை 0.9 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு அமைத்து, ஒரே குழாயில் சேருங்கள். நடுவே தனித்தனி வால்வு வேண்டாம். ஒன்றை மூடினால் பழைய ஆபத்தே திரும்பும். உடைந்த மூடியோடு ஒரு நாள்கூடப் பம்பை ஓட்டாதீர்கள்.

கேள்வி: குளத்துக்குள் சாதாரண விளக்கு வைக்கலாமா?

பதில்: 12 வோல்ட் விளக்கு மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பம்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். கான்கிரீட் கம்பி, ஏணி, பம்பின் உடல் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். இதைக் கான்கிரீட் போடும் முன் செய்யாவிட்டால் பிறகு கம்பியைத் தொட வழியில்லை.

கேள்வி: ஒரே வருடத்தில் குளத்தைச் சுற்றிய நடைதளம் இறங்கி, ஓரத்து டைல்ஸ் விரிசல் விட்டுவிட்டது.

பதில்: குளத்துச் சுவருக்கு வெளியே உள்ள குழியை ஒரேயடியாக மண் கொட்டி மூடியிருப்பார்கள். 200 மி.மீ. அடுக்கடுக்காக, ஈரப்படுத்தித் திமிசு போட்டு நிரப்பியிருக்க வேண்டும். இப்போது நடைதளத்தைப் பெயர்த்து அப்படியே செய்வதைத் தவிர வழியில்லை. மேலே சிமென்ட் பூசினால் மறுபடியும் இறங்கும். திரும்பப் போடும்போது 50-க்கு 1 என்ற சரிவைக் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொடுங்கள். நடைதளத்துக்கும் குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட் நிரப்புங்கள், சிமென்ட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசைபவை. பிணைத்துவிட்டால் டைல்ஸ்தான் முதலில் விரிசல் விடும்.

கேள்வி: வேலி எவ்வளவு உயரம்?

பதில்: 1.2 மீட்டருக்குக் குறையாமல்; கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ.-க்கு மேல் சந்து கூடாது. உங்கள் பகுதி விதி இன்னும் கூட்டிக் கேட்டால் அதுவே செல்லும். கதவு வெளிப்பக்கம் திறந்து, தானாகவே சாத்தித் தாழிட்டுக்கொள்ள வேண்டும், தாழ் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். வேலியோரம் பூந்தொட்டியோ நாற்காலியோ கிடந்தால், குழந்தைக்கு அந்த 1.2 மீட்டர் 70 செ.மீ. ஆகிவிடும்.