வீடு வீடாகப் போய் ஃபேஷியல் செய்ய என்ன கருவிகள் வாங்கலாம்?
முதலில் கட்டில், மற்றதெல்லாம் அப்புறம். மடக்குக் கட்டிலில் மரச்சட்டத்தைவிட அலுமினியச் சட்டம் பொதுவாக எடை குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுதான் அந்த வித்தியாசம் புரியும், அதனால் எவ்வளவு எடை தாங்கும் என்பதோடு கட்டிலின் சொந்த எடையையும் கேளுங்கள். ஸ்டீமர் சின்னதே போதும். ஆனால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்தால் கொதிநீர் முகத்தில் தெறிக்கும். விளக்கு சார்ஜ் போடும் எல்இடியாக இருந்தால் பிளக் தேடி அலைய வேண்டாம்.

புற ஊதா ஒளியால் கிருமி கொல்லும் யூவி பெட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒளி படாத இடுக்கில் கிருமி சாகாது. கரும்புள்ளி எடுக்கும் கம்பிகளைக் கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்து, ஆளுக்கொன்றாக எடுத்துப் போங்கள். பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தனி டப்பா வேண்டும்.