கொலைகார நத்தையை வாங்கித் தொட்டியில் விடலாமா?

கேள்வி: பொன்னேரி பக்கம் 30 சிமெண்ட் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறேன். நாலு மாதமாக எல்லாத் தொட்டியிலும் நத்தை மொய்க்கிறது. தொட்டிக்கு 20 அசாசின் நத்தை, அதாவது கொலைகார நத்தை விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடும், மிச்சத்துக்கு இந்தக் காப்பர் மருந்தை ஊற்று என்று கடைக்காரர் சொல்கிறார். அது என் குஞ்சுகளைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, நீந்துகிற கப்பிக் குஞ்சை அது பிடிக்காது. மீனில் செத்ததையும் சாகக் கிடப்பதையும் தின்னும், அவ்வளவுதான். இறாலையும் மீன் முட்டையையும் அது விடாது, அதனால் இறால் வளர்ப்பவர், முட்டையிடும் மீன் வளர்ப்பவர் என்றால் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

அனென்டோமி ஹெலினா என்கிற இந்த நத்தை தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா நீர்நிலைகளைச் சேர்ந்தது. இதன் சொந்தபந்தமெல்லாம் பெரும்பாலும் கடலில்தான். மஞ்சளும் கரும்பழுப்புமாகப் பட்டை போட்ட கூம்பு ஓடு, விரல்நுனி அளவு. கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பாருங்கள். பகலில் மணலுக்குள் புதைந்து, மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டி வாசனை பிடித்துக்கொண்டிருக்கும், இரை வாசம் பட்டதும் எழுந்து வந்து, சின்ன நத்தையின் வாய்ப்பக்கம் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சும், கொஞ்ச நேரத்தில் வெறும் ஓடுதான் கிடக்கும். ஆனால் நாளுக்கு ஒன்று, இரண்டு தின்றாலே அதிகம். பெருகுவதும் மெதுவாகத்தான். ஆண் பெண் தனித்தனி, ஒரு பைக்கு ஒரு முட்டை, பொரிக்கவே வாரக்கணக்கில் ஆகும். உங்கள் தொட்டியில் இருப்பதோ ஒரே ஜெல்லிக் கட்டியில் பத்துப் பதினைந்து முட்டை வைக்கிற சாதி. மணல் இல்லாத சிமெண்ட் தொட்டியில் 20 நத்தை அதை எப்படித் துரத்திப் பிடிக்கும்?

அப்புறம் அந்தக் காப்பர் மருந்து. காப்பர் எல்லா நத்தையையும் கொல்லும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நத்தையையும் சேர்த்து. இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்கிறவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார். எதுவாக இருந்தாலும் அவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். மயில்துத்தமும் இதே சரக்குதான். மென்னீரில் மீனையும் சேர்த்து அடிக்கும், உங்கள் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்க்காமல் அளவு சொல்கிறவரை நம்ப வேண்டாம். நூற்றுக்கணக்கில் நத்தை ஒரே ராத்திரியில் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: நாலு மாதத்துக்கு முன் என்ன மாறியது? புதுச் செடி வாங்கினீர்களா? தீவனம் போடும் ஆள் மாறினாரா? நத்தை தானாகப் பெருகாது, நீங்கள் போடுகிற மிச்சத் தீவனம்தான் அதை வளர்க்கிறது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் ஒரு கை அள்ளிப் போடுகிற பழக்கம் போகமாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும். பத்து நிமிடம் கழித்து அடியில் தூள் கிடந்தால் மறுவேளை பாதியாகக் குறையுங்கள். அடிக் கசடைக் குழாய் வைத்து வாரம் இரண்டு தடவை உறிஞ்சி எடுங்கள். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைக் கல்லில் கட்டித் தொட்டியில் இறக்குங்கள், விடிவதற்குள் நத்தை அதில் அப்பியிருக்கும், தூக்கி வாத்துக்குப் போடலாம். ஆனால் காப்பர் ஊற்றிய தொட்டி நத்தையை எந்தப் பிராணிக்கும் போடக் கூடாது. புதுச் செடியை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து அடிப்பக்கம் பார்த்தால் கண்ணாடி மாதிரி முட்டைக்கட்டி தெரியும், நகத்தால் சுரண்டிவிடலாம்.

இன்னொன்று. நீண்ட ஊசி ஓட்டு நத்தை, அதாவது ட்ரம்பெட் நத்தை இருக்கிறதா பாருங்கள். அது மீனின் செவுளைத் தாக்கும் ஒரு தட்டைப் புழுவைச் சுமக்கக்கூடியது. செவுள் மூடி விரிந்து, மூச்சு வாங்குகிற மீன் இருந்தால் நத்தை தொல்லை என்று விட்டுவிடாமல் மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.

கொலைகார நத்தையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மணல் பரப்பிய ஒரே ஒரு தொட்டியில் விடுங்கள். சிங்கப்பூரில் யாரோ விட்டது இப்போது திறந்த நீர்நிலையில் குடியேறிவிட்டது. நம் ஏரி, வாய்க்கால் நத்தைகளுக்கு அந்த கதி வேண்டாம், தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் முதலில் கொசுவலையைக் கட்டுங்கள்.