பீனிக்ஸில் டம்ப்ஸ்டர் வாடகை: 10 யார்டா, 20 யார்டா?

வணக்கம். 600 சதுர அடி டைல் தரையைப் பெயர்க்கப் போகிறீர்கள், இடிபாட்டைப் போட்டு அனுப்பும் டம்ப்ஸ்டர் என்ற பெரிய குப்பைத் தொட்டியில் 20 யார்டு (கன யார்டு) அளவுக்கு 480 டாலர் வாடகை கேட்கிறார்கள், நியாயமா என்கிறீர்கள். பீனிக்ஸில் அது வழக்கமான விலைதான். ஆனால் உங்கள் வேலைக்கு 20 யார்டு வேண்டாம்.

டைல் இடத்தை அடைக்காது, எடையில்தான் அடிக்கும். அந்தத் தரையும் அடியில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் பசையும் சேர்ந்தால் ஒன்றரை முதல் இரண்டு டன் வரும். 10 யார்டு, அதாவது 270 கன அடி, தாராளமாகப் போதும். எனவே வாடகையைவிட, எத்தனை டன் வரை அதில் அடக்கம், மிஞ்சினால் டன்னுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் குளியலறையை இடித்தபோது இதைக் கேட்கவில்லை. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. எடைமேடைச் சீட்டோடு கூடுதலாக 140 டாலர் பில் வந்தது, வயிறெரிந்தது. வெறும் டைல், கான்கிரீட் மட்டும் போடுவதற்குத் தனி விலை உண்டா என்றும் கேளுங்கள்.

அப்புறம், வாசலில் பேவர் கல் பதித்திருந்தால் சக்கரம் இறங்கும் இடத்தில் தடித்த பலகை போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஓரக் கல் இரண்டு விரிந்துபோனது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை புழுதிப்புயல் காலம், மேலே தார்ப்பாய் கட்டாவிட்டால் அட்டையும் பிளாஸ்டிக்கும் பக்கத்து வீட்டில் கிடக்கும். பெயிண்ட், பேட்டரி, டயர் மூன்றையும் உள்ளே போடாதீர்கள்.

குடியிருப்போர் சங்கம் இருந்தால் தொட்டி வருவதற்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.