கடையில் உட்கார்ந்து படிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பழைய புத்தகக் கடையும் நடத்துவதால் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு அப்படி ஒரு கடை வைக்க ஆசை. நான் சேர்த்த புத்தகங்களே ஓர் அறை நிறைய இருக்கின்றன, அவற்றை வைத்தே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆள் வராத நேரத்தில் நிறையப் படிக்கலாம் என்பதும் ஒரு காரணம். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் படிக்க முடியாது. முன்னுரை, பின்னட்டை, நடுவில் ஏதோ ஒரு பக்கம், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் தூக்குவது, துடைப்பது, பிரிப்பது, விலை போடுவது, போட்ட விலையைக் குறைப்பது. ஆனாலும் எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

இந்தத் தொழிலில் கஷ்டமானது விற்பது இல்லை, வாங்குவது. புதுப் புத்தகக் கடைக்காரர் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடுவார், விற்காததைப் பல சமயம் பதிப்பகத்துக்கே திருப்பியும் அனுப்பிவிடுவார். நமக்கு என்ன வரும், எப்போது வரும் என்றே தெரியாது, தப்பாக வாங்கியது நம்மோடேயே கிடக்கும். யாராவது இறந்த பிறகோ வீடு மாறும்போதோதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். போனால், அப்பா இதை எவ்வளவு ஆசையாக வாங்கினார் தெரியுமா என்று மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார், நாம் அந்த அறையில் நின்றுகொண்டு பெரும்பகுதியை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பழைய பாடப்புத்தகம், காலாவதியான சட்ட நூல், கணினிக் கையேடு எதுவும் நகராது. கனமான கலைக்களஞ்சியத் தொகுதிகளைத்தான் எல்லோரும் பெரிய சொத்தாக நினைத்துக் காட்டுவார்கள், பிரிட்டானிகாவே 2012-இல் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இதைப் புண்படாமல் சொல்லத் தெரிய வேண்டும், ஏனென்றால் அவர்கள் நம்மிடம் தருவது அப்பாவின் ஞாபகத்தை.

வாங்கும்போது மூக்கையும் நம்புங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு அரிய புத்தகமானாலும் மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது, ஈரமான இடத்தில் அது பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். தாள் பழுப்பேறியிருந்தால் ஓரத்தை மெல்ல மடக்கிப் பாருங்கள். மரக்கூழில் செய்த பழைய தாளில் அமிலம் அதிகம், சில புத்தகங்கள் கையிலேயே ஒடியும். கிழிசலைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், அந்தப் பசை மஞ்சளாகித் தாளோடு ஊறிவிடும், எடுக்கப்போனால் எழுத்தும் சேர்ந்து வரும்.

விலை போடுவது தனிப் படிப்பு. ஐஎஸ்பிஎன், அதாவது ஒரு புத்தகத்தின் பதிப்புக்கென்று தரும் அடையாள எண், இருந்தால் தேடிவிடலாம், 2007-க்கு முன் பத்து இலக்கம், அப்புறம் பதின்மூன்று. 1970-க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படித்துத்தான் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து அதே விலையைப் போடாதீர்கள். அது அவர் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை இல்லை.

அப்புறம், தள்ளுவது. போன மாதம் பார்த்த அதே அலமாரி இந்த மாதமும் இருந்தால் வழக்கமாக வருகிறவர் வருவதை நிறுத்திவிடுவார், அவர் வருவதே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். அதனால் நல்ல புத்தகமாகவே இருந்தாலும் நகராததை விலை குறைத்து, அப்படியும் போகாவிட்டால் எங்காவது கொடுத்துவிட வேண்டியிருக்கும். புத்தகத்தை நேசிப்பவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், பல கடைகள் மூச்சுத்திணறுவது இங்கேதான்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். அது ஒருவருடைய ரசனை, எல்லோரும் தேடுகிற பத்து விதம் அதில் இருக்காது. நல்லவை சீக்கிரம் போய்விடும், மிச்சம்தான் கடையாக நிற்கும். வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விற்க மனம் வராதவற்றை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, மீதியை மட்டும் முன்பின் தெரியாதவர்களுக்கு விற்றுப் பாருங்கள். அந்தப் பணத்தில், நீங்கள் படிக்கவே விரும்பாத துறைப் புத்தகங்களாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி, அதையும் விற்றுவிட்டு எனக்கு எழுதுங்கள்.