தங்கத்தை ஈடாக வைத்த கிரிப்டோ ஹலாலா?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறீர்கள், அதனால் டவுன் நகைக்கடையை வைத்தே சொல்கிறேன். இஸ்லாமியச் சட்டமான ஷரியாவில் தங்கம் ரிபா (வட்டி) சட்டத்துக்குள் வரும் பொருள், ரிங்கிட் கொடுத்தால் அந்த இடத்திலேயே தங்கம் கைமாற வேண்டும், தவணை கிடையாது. சரி, டோக்கனில், அதாவது தங்கத்தை ஈடாக வைத்து விற்கும் கிரிப்டோவில், கைக்கு என்ன வருகிறது? பாக்ஸ் கோல்டு மாதிரி ஒரு டோக்கனுக்கு ஒரு அவுன்ஸ், சுமார் 31.1 கிராம், பெட்டகத்தில் நிஜமாகவே இருந்து அதன் உரிமையும் உங்களுக்கு மாறிவிட்டால், தொட்டுப் பார்க்காவிட்டாலும் கைவசமானதாகக் கொள்ளலாம். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும் அயோஃபி அமைப்பு 2016-ல் தங்கத்துக்கென்றே வெளியிட்ட 57-ஆம் தரநிலை இந்த வழியை ஏற்கிறது. பெட்டகத்தில் தங்கமே இல்லாமல் விலையை மட்டும் ஒட்டி ஓடும் டோக்கன் வேறு கதை, அதில் கைவசமாகத் தங்கமே இல்லை. அப்புறம், வாட்ஸ்அப்பில் ‘மாதாமாதம் நிச்சய லாபம்’ என்று சுற்றுகிறதே, அதில் தங்கத்தைத் தேடாதீர்கள், வட்டிதான் இருக்கும்.