டிவிக்கு வைஃபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிதாக 32 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினோம். எங்கள் வைஃபைக்கு இரண்டு பெயர்கள். ஒன்றின் கடைசியில் ‘5ஜி’ என்று வரும். போனில் அதைத்தான் போட்டிருக்கிறோம். டிவியில் அந்தப் பெயரே தெரியவில்லை. டிவியில் கோளாறா? எப்படி இணைப்பது?
வாசகி, காரைக்குடி

கோளாறு இல்லை. உங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. பெயரில் உள்ள ‘5ஜி’ இரண்டாவதைக் குறிக்கிறது. செல்போன் 5ஜி-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை குறைந்த 32 அங்குல டிவிகள் பலவற்றில் 2.4-ஐ மட்டும் பிடிக்கும் வைஃபை சிப்தான் இருக்கிறது. அந்த டிவியின் கண்ணுக்கு 5ஜி பெயர் படவே படாது. டிவி வந்த பெட்டியில் வைஃபை பற்றிய வரியைப் பாருங்கள். ‘டூயல் பேண்ட்’ என்று இருந்தால்தான் இரண்டையும் எடுக்கும். இல்லையென்றால் 5ஜி ஒட்டாத பெயரில் இணையுங்கள். 32 அங்குலத்தில் படம் பார்க்க அது தாராளமாகப் போதும்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் பல்சக்கரப் படத்தை அழுத்தி செட்டிங்ஸ், அதில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’. சாம்சங்கில் செட்டிங்ஸ், ‘கனெக்‌ஷன்’ (பழைய மாடல்களில் ‘ஜெனரல்’), ‘நெட்வொர்க்’, ‘ஓபன் நெட்வொர்க் செட்டிங்ஸ்’, ‘வயர்லெஸ்’. எல்ஜியில் ‘ஆல் செட்டிங்ஸ்’ உள்ளே நெட்வொர்க் பகுதியில் ‘வைஃபை கனெக்‌ஷன்’. உங்கள் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை முடிந்தது.

பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்றால் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும், ஒன்றும் சின்ன ‘எல்’லும் பெரிய ‘ஐ’யும் ஒரே மாதிரி தெரியும். ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டிவியில் பாஸ்வேர்டு புள்ளிகளாக விழாமல் எழுத்தாகவே தெரிய ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்கிவிட்டு அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தாலும் ஏற்காது.

பத்து தடவை சரிபார்த்துப் பாஸ்வேர்டு அடித்தாலும் ‘தவறு’ என்கிறது. அதே பாஸ்வேர்டில் போன்கள் இணைகின்றன. புது ரவுட்டர் வைத்ததிலிருந்து இப்படி. டிவி 2017-ல் வாங்கியது.
வாசகர், ஈரோடு

நீங்கள் சொல்லும் வருடமே பாதி விடை. வைஃபை பூட்டுமுறையில் டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018-ல்தான் வந்தது. புது ரவுட்டர் அந்த முறையை மட்டும் ஏற்கும்படி வைக்கப்பட்டிருந்தால் பழைய டிவிக்கு அது புரியாது. உள்ளே விட முடியாத காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் பாஸ்வேர்டு தவறு என்று காட்டிவிடும்.

போனில் பிரவுசரைத் திறந்து ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. லாகின் பெயரும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். வயர்லெஸ் பகுதியில் ‘செக்யூரிட்டி’க்குப் போய் ‘டபிள்யூ.பி.ஏ. 2 பி.எஸ்.கே.’, என்க்ரிப்ஷனில் ‘ஏ.இ.எஸ்.’ என்று வையுங்கள். 2-ம் 3-ம் சேர்ந்த கலப்பு முறையும் உண்டு. முதலில் அதை முயலலாம், ஆனால் சில பழைய டிவிகள் அதிலும் முரண்டு பிடிக்கும். எப்படியும் இணைந்தால் போதும் என்று ‘ஓபன்’ அல்லது ‘டபிள்யூ.இ.பி.’ மட்டும் வைத்துவிடாதீர்கள். அது கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

அங்கே இருக்கும்போதே 2.4-ன் சேனலையும் (அலைவரிசைக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் தடம்) பாருங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் சில ரவுட்டர்கள் 12, 13-க்குப் போய்விடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவிகள் சிலவற்றுக்கு 11-க்கு மேல் தெரியாது. வைஃபை பெயரே மறைந்துபோகும். 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அவைதான்.

‘வைஃபை இணைந்தது, இன்டர்நெட் இல்லை’ என்று டிவி சொல்கிறது. கரண்ட் போய் வந்தால் கட்டாயம் இந்தப் பிரச்சினை வருகிறது. சில நாள் தானாகச் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை.
வாசகர், தேனி

வழியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டிவியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதி, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை மறுபாதி. எந்தப் பாதியில் அடைப்பு என்று தெரியாமல் எல்லாவற்றையும் நோண்டினால் நல்லா இருப்பதும் கெட்டுப்போகும்.

போனை அதே வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபையில் நெட் வராதபோது போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் வைஃபை நன்றாக இருப்பதாக நம்பிவிடுவீர்கள். போனிலும் ஓடவில்லை என்றால் டிவியை விட்டுவிடுங்கள். ஃபைபர் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை: கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சுவர் மூலையில் அளவுக்கு மேல் மடங்கியிருக்கிறது. புகார் கொடுப்பதுதான் வழி.

போனில் ஓடி டிவியில் மட்டும் ஓடவில்லையா? உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் நேரம்தான். கரண்ட் வந்ததும் டிவி சில நொடிகளில் விழித்துவிடும்; ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் டிவி கேட்டுப் பார்த்துப் பதில் வராமல் ஓய்ந்துவிடும். விளக்குகள் நிலையானதும் டிவியில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் இடம் என்றால் ரவுட்டருக்கென்று வரும் சின்ன யு.பி.எஸ். வாங்குவது நல்ல செலவு. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றால் யு.பி.எஸ்.ஸும் 12 வோல்ட்தான் தர வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். இது யாருக்கும் சட்டென்று தோன்றாது. யூடியூப் போன்ற ஒவ்வொரு சேவையும் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்ற சான்றிதழைக் காட்டித்தான் இணைகிறது. டிவியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று நினைத்து இணைப்பையே மறுத்துவிடும். தானாக நேரம் எடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நேரமும் இன்டர்நெட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தடவை கையால் தேதியும் நேரமும் வைத்து இணைத்துவிட்டு, பிறகு ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஐ.பி. முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண். டிவியின் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை, டிவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்த முகவரியை வைத்து வீட்டை விட்டு வெளியே போக முடியாது. டிவியில் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து, ரவுட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி இணையுங்கள். முகவரி 192.168 என்று சரியாக இருந்தும் எதுவும் திறக்கவில்லையா? ஐ.பி. செட்டிங்கில் டி.என்.எஸ்.ஸை (தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை) மட்டும் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். மற்ற எண்களைத் தொட வேண்டாம்.

ஒரு விஷயம்: ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைவதில்லை, தூங்குகிறது. ‘ஆஃப் பண்ணிப் பாருங்கள்’ என்று யார் சொன்னாலும் சுவர் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுவதுதான் அதன் பொருள்.

நூறு எம்.பி. பிளான். ரவுட்டர் கீழே ஹாலில், டிவி மாடி அறையில். படம் நடு நடுவே சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிளானை 200 ஆக்கினால் சரியாகுமா?
வாசகி, திருநெல்வேலி

ஆகாது, பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட், ஃபுல் எச்.டி.க்கு 5 மெகாபிட். நூறில் இது எத்தனையில் ஒரு பங்கு! உங்கள் வீட்டுக்குள் நூறும் வருகிறது, மாடிக்குத்தான் ஏறவில்லை. 2.4 அலை சுவரை ஓரளவு தாண்டும், 5 சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். கான்கிரீட் தளமும் அதற்குள் பின்னியிருக்கும் கம்பியும் இரண்டையுமே மடக்கும்.

காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். ரவுட்டர் ஸ்டீல் பீரோவின் பின்னாலோ, டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டிலோ, மீன்தொட்டிக்குப் பக்கத்திலோ இருந்தால் வெளியே எடுங்கள். இரும்பும் தண்ணீரும் நிலைக்கண்ணாடியின் ரசப் பூச்சும் அலையைத் தின்றுவிடும். மாடிப்படி இருக்கும் பக்கமாக, தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். தளத்தில் திறப்பு இருப்பது அங்கேதான். டிவியில் யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றி ஒரு தடவை பாருங்கள். அந்த வகை இணைப்பு 2.4-ல் இரைச்சல் கிளப்பும். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் படம் நின்றால் காரணம் சொல்லவே வேண்டாம், அதுவும் 2.4-ல்தான் சூடாக்குகிறது.

இதற்கும் மசியவில்லை என்றால் எங்கள் பதில் ஒன்றுதான்: லேன் கேபிள் இழுங்கள். கேட் 6 கேபிள், நூறு மீட்டர் வரை தாங்கும். ஒரு வீட்டுக்குள் அந்த எல்லை வரவே வராது. கடையில் ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைவில் முறியும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் விடாமல் தனிப் பைப்பில் கொண்டுபோகச் சொல்லுங்கள். முனையில் ஆர்.ஜே. 45 மாட்டுபவர் எட்டு ஒயரையும் இரு முனையிலும் ஒரே வரிசையில் வைக்கிறாரா என்று பாருங்கள். பிடிப்புக் கொக்கி அடியில் இருக்கும்படி வைத்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை இரண்டும் அடுத்தடுத்து வராது, நடுவில் நீல ஜோடி உட்காரும். தவறு நடப்பது அந்த இடத்தில்தான்.

கேபிள் போட்ட பிறகு வேகம் 90-ஐ ஒட்டியே நின்றால் பயப்பட வேண்டாம். பல டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சோதனையில் அதைவிட அதிகம் காட்டலாம், ஆனால் கேபிளின் 90 எப்போதும் 90. படம் நிற்காமல் ஓடத் தேவை அதுதான்.

மாடியில் போன்களுக்கும் வைஃபை வேண்டுமென்றால் அதே கேபிளில் பழைய ரவுட்டர் ஒன்றை, கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக வைக்கலாம். அதில் டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரிலிருந்து வேறாக்கி, கேபிளை ‘வேன்’ துளையில் இல்லாமல் ‘லேன்’ துளையில் செருக வேண்டும். வாடகை வீடு, கேபிள் இழுக்க வழியில்லை என்றால் மெஷ் (பல இடங்களில் வைத்த பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் முறை) வாங்குங்கள். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் மலிவான ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைச் செய்ய முடியும். எதை வாங்கினாலும் டிவி பக்கத்தில் வைக்காதீர்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைத்தால்தான் அதற்கு மேலே அனுப்ப ஏதாவது இருக்கும்.

அறையில் பிராட்பேண்ட் கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கலாமா? ஐபோன் ஹாட்ஸ்பாட் டிவியில் தெரியவே இல்லை.
வாசகர், கோவை

பார்க்கலாம், டேட்டாவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபுல் எச்.டி. 5 மெகாபிட்டில் ஓடினால் மணிக்கு 2.25 ஜி.பி. போகும். தினம் 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜ் 40 நிமிடத்தில் காலி. ஆப்பிலேயே தரத்தை 480-க்கு இறக்கி வையுங்கள். ஐபோனில் ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ பக்கத்தில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை இயக்கினால் 2.4-க்கு மாறும், டிவியில் பெயர் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் ‘பேண்ட்’ என்ற இடத்தில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள்.

போனிலிருந்து யூடியூப்பை டிவிக்கு அனுப்பும் ‘காஸ்ட்’ குறியே வருவதில்லை. இரண்டிலும் நெட் ஓடுகிறது.
வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் ஒரே ரவுட்டரில், ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் வராது. கெஸ்ட்டில் இருப்பவை மற்றவற்றைப் பார்க்க முடியாதபடிதான் வைத்திருப்பார்கள். 2.4-ல் டிவியும் 5-ல் போனும் இருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை. இரண்டும் கெஸ்ட் இல்லை என்றால் ரவுட்டரில் ‘ஏ.பி. ஐசொலேஷன்’ (கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுப்பது) என்பதை அணையுங்கள். போனில் வி.பி.என். (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) ஓடினால் அதையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட் இல்லாத பழைய டிவியில் எச்.டி.எம்.ஐ. ஸ்டிக் போட்டிருக்கிறோம். படம் பாதியில் ஸ்டிக் தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. வைஃபையும் வலுவில்லை.
வாசகர், நாகர்கோவில்

ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்திருப்பீர்கள். பழைய டிவியின் யு.எஸ்.பி. 2 துளை தருவது அரை ஆம்பியர். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் ஒரு ஆம்பியர். வீடியோவும் வைஃபையும் சேர்ந்து இழுக்கும்போது போதாமல் விழுகிறது. அந்த அடாப்டரையே சுவர் பிளக்கில் போடுங்கள். ஸ்டிக்கை டிவியின் முதுகில் நேராகச் செருகினால் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு ஒயர் இருந்தால் தேடி எடுங்கள். அதில் மாட்டி டிவியின் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டால் சிக்னல் கூடும்.