ஜெருசலேம் இருக்க, ரம்லா ஏன் பாலஸ்தீனத்தின் தலைநகரானது?

ஆரம்பகால இஸ்லாமிய ஆட்சியில், பாலஸ்தீனத்தையும் உள்ளடக்கிய அன்றைய சிரியா பல படை மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட மாகாணத்துக்கு ‘ஜுந்த்’ என்று பெயர். அங்கே குடியமர்த்தப்பட்ட அரபுப் படையினருக்கு அந்த மாகாணத்தின் வரி வருவாயிலிருந்தே ஊதியம் வழங்கப்பட்டது. தெற்கே ரஃபா வரை நீண்டிருந்த ஜுந்த் ஃபிலஸ்தீன், அதாவது பாலஸ்தீன மாகாணம், அவற்றுள் ஒன்று. ஜுதாம், லக்ம் என்ற அரபுக் குலத்தார் இங்கு செல்வாக்குடன் இருந்தனர்.

ஜெருசலேம் புனித நகரம்தான். ஆனால் அது மலைமேல், பெருவழியை விட்டு விலகி இருந்தது. படையையும் வரியையும் நிர்வகிக்கச் சமவெளியே வசதி. அதனால் முதலில் லுத் நகரம் தலைமையிடமானது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தின் ஆளுநராக இருந்த சுலைமான், அப்போது ஆண்ட உமையா அரச மரபின் இளவரசர்; அவர், டமாஸ்கஸிலிருந்து எகிப்துக்குப் போகும் சாலையை ஒட்டி ரம்லாவைப் புதிதாக எழுப்பினார். முதலில் கட்டியவற்றில் அவரது மாளிகையும், நடுவே பெரிய நீர்த்தொட்டி கொண்ட சாயக்காரர் (துணிக்குச் சாயம் ஏற்றுவோர்) இல்லமும் அடங்கும். தொழில் வளராமல் ஊர் நிலைக்காது என்பதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். லுத் மக்களை இங்கே குடிபெயரச் செய்ததால் அந்தப் பழைய ஊர் நலிந்தது. அது எனக்கு வருத்தம் தரும் பகுதி.

மணற்பாங்கான ரம்லாவில் ஆறு கிடையாது. கால்வாயும் கிணறுகளும் வெட்டித்தான் தண்ணீர் கிடைத்தது. அப்பாசிய கலீஃபா (பேரரசின் ஆட்சியாளர்) ஹாரூன் அல் ரஷீத் காலத்தில், 789இல், கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கம் இன்றும் இருக்கிறது. வரிசை வரிசையான கூர்வளைவுகள் அதன் கூரையைத் தாங்குகின்றன. கூரைத் துளைகள் வழியே வாளி இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள்.

1068 நிலநடுக்கம் ரம்லாவைத் தரைமட்டமாக்கியது. 1099இல் சிலுவைப் போர் வீரர்கள் வந்தபோது மக்கள் ஊரைக் காலி செய்திருந்தார்கள்.